பாக்கியநாதனின் ஸ்பானிஷ் தேவாரம்

செத்த வீட்டில் பொய் சொல்லாத ஆட்கள் எங்களுக்குள் கிடையாது. உயிரோடு இருந்தபோது பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கூட மைக்கைப் பிடித்து, "ஒருவரோடும் கோபித்து அறியாதவர், எந்நேரமும் சிரித்த முகம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவார். பெட்டிக்குள் கிடக்கிறவர் எழும்பி வந்து மறுக்க மாட்டார் என்கிற துணிவுதான். என் அப்பாவின் செத்த வீட்டில் நானும் ஒரு பொய் சொன்னேன். மற்றவர்களின் பொய்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் அழகாக அச்சாகின. என்னுடையது பாதிப் பாட்டிலேயே பிடிபட்டுவிட்டது.

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. பல்வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்து ரெலிபோன் எடுக்கிற வேலை. எந்தச் சிக்கலையும் குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்பது அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே தத்துவம். (பல்லுக்கொதியோடு வருகிறவர்களிடம் அது நன்றாகவே பலித்தது. அதை நம்பித்தான் கெட்டேன்.)

நாங்கள் இருந்தது ரொறன்ரோவின் மல்வேர்னில், வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவுக்குப் பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் பஸ் பிடித்து வந்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். அந்த வீட்டில் பகல் என்றால் எங்களுக்கெல்லாம் இரவு மாதிரி. தொலைக்காட்சி வாய் மட்டும் அசைக்கும். அம்மா மிக்ஸியைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு சட்னி அரைப்பா. இப்படி ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றுக்குத்தான் அம்மா ஒரு பாடகனைக் குடிவைத்தா.

குற்றம் முழுக்க அம்மாவுடையது என்றும் சொல்ல முடியாது. அவ தேடியது ஒரு சைவக் குடும்பம். வந்தவன் ஒரு ஸ்பெயின்காரன். முப்பத்தைந்து வயது, கலைந்த தாடி, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், கையில் ஒரு கிற்றார். பெயர் பாக்கோ. ஆனால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். அம்மா அதோடு விழுந்துவிட்டா. "சப்பாத்துக் கழட்டத் தெரிஞ்ச பிள்ளை. கரைச்சல் தராது" என்றா.

அவனுக்குப் பின்னேரங்களில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. சனி ஞாயிறுகளில் சின்னச் சின்ன மதுக்கடைகளில் பாட்டு. ஆகவே பாடிப் பழகுவதற்கு அவனுக்கு மிஞ்சியது பகல்தான். அதாவது அப்பாவின் இரவு.

அவன் பாடுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். தொடங்கும்போது கிற்றாரில் அவனுடைய ஊரின் பழைய மெட்டு ஏதாவது ஒன்று இதமாக வரும், ஒலிவ் பழம் பிடுங்கிக்கொண்டு பாடுவது போல. அட, நல்லாயிருக்கே என்று காதைக் கொடுத்தால் போச்சு. மூன்றாவது வரியில் சன்னதம் வந்ததுபோல வேகம் ஏறும், குதியால் தரையில் அடிப்பான், தொண்டை கிழியக் கத்துவான். அது பங்க் என்கிற இசை என்று எனக்கு விளக்கம் சொன்னான். கத்துவதெல்லாம் நக்கல். பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்தவள் என்பதால் பாதி எனக்கு விளங்கும். ஒரு பாட்டில் சவப்பெட்டி செய்கிற தச்சன் ஒருவன் வேலை தேடிப் போகிறான். "உன் பெட்டியில் படுத்தவர்கள் யாராவது உனக்கு நற்சாட்சிக் கடிதம் தருவார்களா" என்று அதிகாரி கேட்கிறார். நான் படிக்கட்டில் இருந்து கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அப்பா சிரிக்கவில்லை. பனி தள்ளும் சவளின் பிடியால் நிலத்தில் மூன்று குத்து விடுவார். டொம், டொம், டொம். பிறகு, "மனிசனை நித்திரை கொள்ள விடடா, நாசமறுப்பானே" என்று ஒரு கத்தல். பக்கத்து வீட்டு அன்ரி இந்தச் சத்தத்தை வைத்துத்தான் மத்தியானச் சோற்றை உலையில் போடுவாவாம். ஒருநாளும் தவறாத நேரம்.

பெயரைக்கூட அப்பா முழுதாக ஏற்கவில்லை. "பாக்கோவோ? உது முடியாத பேரல்லோ. பாதியில நிக்குது" என்றார். தானே முடித்தும் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் பாக்கியநாதன்.

இந்தச் சண்டை ஒன்றரை வருடம் நடந்தது. பிறகு அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள்.

அதிகம் விவரிக்க விருப்பமில்லை. ஆறு மாதத்தில் எண்பது கிலோ மனிதர் ஒரு மூட்டை எலும்பாகிவிட்டார். வேலை நின்றது. மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் படியேற முடியாததால் முன்னறையில், சோபாவைத் தள்ளிவிட்டு, ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்றைப் போட்டோம். அது சரியாகப் பாக்கியநாதனின் அறைக்கு மேலே அமைந்தது. இருபது வருடம் பகலில் நித்திரை கொண்டவருக்கு இப்போது பகலும் இல்லை, இரவும் இல்லை, நித்திரையும் இல்லை. கண்ணைத் திறந்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கோபம் மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கீழ போய்ப் பார். உவன் ஏன் பாடேல்லை? செத்துக்கித்துப் போனானோ?"

"உங்களுக்குச் சுகமில்லை எண்டு பாடாமல் இருக்கிறான் அப்பா."

"எனக்குச் சுகமில்லை எண்டு ஆர் அவனுக்குச் சொன்னது?" என்றார். வயிறு குடம்போல வீங்கிக் கிடக்க, கண் மஞ்சளாகக் கிடக்கக் கேட்ட கேள்வி இது. "வரச் சொல்லு உவனை."

பாக்கியநாதன் கிற்றாரோடு வந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றப் போனவனை அப்பா தடுத்தார். அடிக்கிறதற்குச் சப்பாத்து வேணுமல்லோ, போட்டுக்கொண்டே வா என்று சொல்லச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "உங்களைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. ஆனால் நீங்கள் என்னை வீட்டை விட்டுக் கலைத்துவிடக் கூடாது" என்றான் ஆங்கிலத்தில். அப்பா கையை அசைத்தார்.

பாட்டு ஸ்பானிஷில்; எனக்கு விளங்கிய அளவில் அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கரடி பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுக் கனடாவுக்கு வந்தேன். காட்டுக்குப் போக எனக்கு வசதியில்லை. ஆனால் என் தலைக்கு மேலேயே ஒரு கரடி குடியிருக்கிறது. உலகத்துக் கரடியெல்லாம் குளிர்காலத்தில் படுக்கும், இது பகலில் படுக்கும். உலகத்துக்குப் பாண் சுட்டுக் கொடுத்துவிட்டு வந்து படுக்கும். நான் கிற்றாரைத் தொட்டால் மூன்று குத்து. இந்த இடத்தில் குதியால் டொம், டொம், டொம். அதன் பிறகு கோரஸ். கோரஸ் மட்டும் தமிழில். ஒன்றரை வருடமாக முகட்டு வழியே கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியது, ஒரு எழுத்துப் பிசகாமல், அப்பாவின் அதே ஏற்ற இறக்கத்தோடு: "மனிசனை நித்திரை கொள்ள விடடா, நாசமறுப்பானே."

அப்பா என்னைப் பார்த்தார்.

"கரடி எண்டோ சொல்லுறான்?"

"ஓம் அப்பா."

"பாண் சுடுறதும் சொன்னவனோ?"

"சொன்னவன்."

அப்பா சிரித்தார். சிரித்தால் வயிறு நோகும். நோக நோகச் சிரித்தார். சமையலறையில் நின்ற அம்மா கரண்டியோடு ஓடிவந்து, என்னவோ ஏதோ என்று பயந்து, பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு நின்றா. நோய் வந்தபின் அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அது. கடைசியும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, மருந்து கொடுக்கும்போது என் கையைப் பிடித்தார். பிடிப்பில் பலமே இல்லை, ஆனாலும் விடவில்லை.

"பிள்ளை, என்ர செத்த வீட்டில உவன் அந்தக் கரடிப் பாட்டைப் பாட வேணும்."

"சும்மா இருங்கோ அப்பா."

"கேள். அண்டைக்கு எல்லாரும் வந்து மைக்கில நிண்டு நான் தங்கமான மனிசன் எண்டு சொல்லுவினம். உவன் ஒருத்தன்தான் உள்ளதைச் சொல்லுவான். முழுசாப் பாட வேணும். அரைகுறையா விடப்படாது."

"ஓம் அப்பா."

"சத்தியமோ?"

"சத்தியமா."

மூன்றாம் கிழமை அப்பா போய்விட்டார். ஒரு சத்தமும் இல்லாமல், விடிகிற நேரத்தில், வேலையால் வருகிற அந்த நேரத்துக்கே.

அதன் பிறகு வீட்டைக் கையிலெடுத்தது பெரியப்பா. அப்பாவின் தமையன். ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு, கோயில் சபையில் பெரிய பதவி. செத்த வீடு நடத்துவதில் அவரை வெல்ல ஆளில்லை. வந்து அரை மணித்தியாலத்தில் நிகழ்ச்சி நிரல் எழுதிவிட்டார். எட்டு மணிக்குத் தேவாரம், எட்டேகாலுக்கு இரங்கலுரைகள், ஒன்பதுக்குக் கிரியை, பதினொன்றரைக்குத் தகனம். அறிவிப்பாளரும் ஏற்பாடு. (கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு மூன்றுக்கும் எங்களுக்கு ஒரே அறிவிப்பாளர்தான், ஒரே குரல்தான். உடுப்பைப் பார்த்துத்தான் எதற்கு வந்திருக்கிறோம் என்று நிச்சயப்படுத்த வேண்டும்.)

"தர்ஷி, எல்லாம் முறையா நடக்க வேணும். கன ஆக்கள் வருவினம்" என்றார் பெரியப்பா.

இதுதான் சந்தர்ப்பம். நேராகச் சொல்லியிருக்கலாம். 'பெரியப்பா, அப்பாவைக் கரடி என்று நக்கலடிக்கிற பங்க் பாட்டு ஒன்று இருக்கிறது, அதைப் பாட வேணும் என்பது அவருடைய கடைசி ஆசை' என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், கோபித்திருப்பார், கடைசியில் செத்தவன் கேட்டது என்று விட்டிருப்பார். நான் என் கிளினிக் குரலை எடுத்தேன்.

"பெரியப்பா, கீழ இருக்கிற ஸ்பெயின்காரர் ஒரு பாட்டுப் பாட வேணும் எண்டு அப்பா விரும்பினவர்."

"என்ன பாட்டு உது?"

"அது வந்து... அவையின்ர ஊர்த் தேவாரம் மாதிரி."

இந்த 'மாதிரி' என்ற சொல்லில் நான் வைத்திருந்த நம்பிக்கையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியே, பிற மதத்துப் பிள்ளை. நல்ல காரியம். ஆளின்ர பேர் என்ன?"

"பாக்கியநாதன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. பழக்கதோஷம்.

நிரலில் பேனையால் எழுதினார்: 'ஸ்பானிய மொழித் தேவாரம் – திரு. பாக்கியநாதன், ஸ்பெயின்.'

அடுத்து நான் கீழே போய்ப் பாக்கியநாதனிடம் பேரம் பேசினேன். கோரஸை விட்டுவிட்டுப் பாடலாமா என்று கேட்டேன். முடியாது என்றான். கிழவர் கேட்டது முழுப் பாட்டு, கோரஸ் இல்லாவிட்டால் அது அவருடைய பாட்டே இல்லை என்றான். அப்படியென்றால் கத்தாமல், வேகமில்லாமல், மெதுவாக, மிக மெதுவாகப் பாடு என்று கெஞ்சினேன். யோசித்துப் பார்த்து, சரி என்றான். மெதுவாகப் பாடினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது என்பது என் கணக்கு. புத்தி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

செத்த வீடு அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. அப்பா பட்டுவேட்டியோடு, ஒருபோதும் அவர் முகத்தில் நான் கண்டிராத சாந்தத்தோடு பெட்டிக்குள் கிடந்தார். அம்மா தலைமாட்டில் ஒரு கதிரையில். மூன்று நாளாக அவ அழவும் இல்லை, பேசவும் இல்லை. இரங்கலுரைகள் நடந்தன. அப்பா சொன்னதுபோலவே ஒருவர் "அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்" என்றார். பக்கத்து வீட்டு அன்ரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தா. நான் பூவைப் பார்த்தேன்.

பிறகு அறிவிப்பாளர் குரலை ஒரு முழம் தாழ்த்தினார். "அடுத்து, ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்திருக்கும் திரு. பாக்கியநாதன் அவர்கள் ஸ்பானிய மொழியில் தேவாரம் ஓதுவார். அனைவரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துமாறு பணிவன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இருநூறு பேரும் எழும்பினார்கள். இருநூறு பேரும் கைகூப்பினார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பாக்கியநாதன் யாரிடமோ கடன் வாங்கிய கறுப்புக் கோட்டோடு மேடையேறிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். தொடங்கினான். சொன்ன சொல் தவறவில்லை, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு உருக்கமாக. அந்தப் பழைய ஊர் மெட்டு உண்மையிலேயே தேவாரம் போலத்தான் இருந்தது. கரடி பார்க்க வந்த கதையைக் கேட்டு முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பெரியப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். நானும் என்னை மெச்சிக்கொண்டு நின்றேன்.

டொம். டொம். டொம்.

மேடை பலகை மேடை. உள்ளே வெறுமை. அவனுடைய குதியடி பெட்டியின் காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கைகூப்பி நின்ற இருநூறு பேரில் பாதிப்பேர் கண்ணைத் திறந்து பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

அதன் பிறகு, தாலாட்டுப் போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி:

"மனிசனை... நித்திரை கொள்ள... விடடா... நாசமறுப்பானே."

அவனுடைய பழைய வேகத்தில் கத்தியிருந்தால் யாருக்கும் ஒரு இழவும் விளங்கியிருக்காது. மெதுவாகப் பாடச் சொன்னது நான். மைக்கைக் கிட்ட வைத்ததும் நான். மண்டபத்தின் கடைசிக் கதிரை வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர்ந்தது. முதல் தடவை யாரும் நம்பவில்லை. பெரியப்பாவின் கைகூட இன்னும் கூப்பியபடியே இருந்தது. இரண்டாவது பத்தி முடிந்து, மீண்டும் மூன்று குத்து விழுந்து, மீண்டும் அதே வரி வந்தபோது கூப்பிய கைகள் வரிசை வரிசையாக இறங்கின. பக்கத்து வீட்டு அன்ரி, சத்தம் வெளியே வருவது தெரியாமல், "அச்சொட்டா அவர் கத்துற மாதிரியே கிடக்கு" என்றா. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார். பெரியப்பா என்னைப் பார்த்தார். கொலை செய்கிற பார்வை என்றால்கூட எனக்குப் பரவாயில்லை. அது அழுகிற பார்வை.

சத்தியம் அந்த இடத்தில்தான் என் ஞாபகத்திலிருந்து போனது. அப்பா, கரடி, உள்ளதைச் சொல்வது ஒன்றுமே இல்லை. இருநூறு பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் இருந்தது. மேடையில் ஏறி மைக்கை நிறுத்தினேன். கிற்றாருக்கு மைக் தேவையில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அவன் பாடிக்கொண்டே இருந்தான். நான் உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் அழுத்தி வைத்தேன்.

பாட்டு நின்றது. கம்பி என் கைக்குள்ளே கொஞ்சநேரம் அதிர்ந்துவிட்டு அடங்கியது. பாக்கியநாதன் என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இன்னும் ஒரு பத்திதான் இருக்கிறது. கடைசிப் பத்தி" என்றான் ஆங்கிலத்தில்.

"போதும்" என்றேன்.

பிறகு மைக்கைத் திரும்பப் போட்டு, கிளினிக் குரலில், "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தேவாரம் இத்துடன் நிறைவுபெறுகிறது. நன்றி, திரு. பாக்கியநாதன் அவர்களே" என்றேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். செத்த வீட்டில். பிறகு பயந்து நிறுத்திவிட்டார்கள்.

கிரியை தொடங்கியது. சுண்ணம் இடிக்க உரலும் உலக்கையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஓதுவார் பாட, பெரியப்பா உலக்கையைத் தொட்டுக் கொடுக்க, ஆண்கள் இடித்தார்கள். டொம், டொம் என்று அந்தச் சத்தம். நான் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ என் சேலையைப் பிடித்து இழுத்தா. குனிந்தேன். மூன்று நாளுக்குப் பிறகு அம்மா பேசிய முதல் பேச்சு.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?"

"அம்மா, ஆக்கள் எல்லாம்..."

"அந்தக் கடைசித் துண்டுக்காகத்தான் நான் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றா. சொல்லிவிட்டு அழத் தொடங்கினா. எல்லோரும் புருசனுக்காக அழுகிறா என்று நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும்.

கடைசித் துண்டு என்ன என்று எனக்குத் தெரியாது. முன்னறையில் அவன் பாடிய நாளில் அப்படியொன்று இருக்கவில்லை. சாம்பல் அள்ளுகிற காடாற்று முடிந்த அடுத்த நாள் பேஸ்மென்றுக்கு இறங்கிப்போய், மன்னிப்புக் கேட்கிற சாட்டில் அதையும் கேட்டேன். அவன் பாட மறுத்தான். ஒரு பழைய துண்டுக் காகிதத்தைப் பார்த்து, கிற்றார் இல்லாமல், ஆங்கிலத்தில் சொன்னான்.

குளிர்காலம் முடிந்துவிட்டது, மேலே கரடி எழும்பவில்லை. குத்தும் இல்லை, கத்தலும் இல்லை. பயமாக இருக்கிறது. வேலைக்குப் போகுமுன் நான் தும்புத்தடியால் முகட்டில் மூன்று தரம் தட்டுகிறேன்: கரடி, இருக்கிறாயா? மேலேயிருந்து ஒரே ஒரு தட்டு. ஒன்று போதும் கரடி, நாளைக்கும் ஒன்று போதும்.

பாட்டுக்காக எழுதியதல்ல அது, நடந்தது. அப்பா சிரித்த அந்த நாளிலிருந்து கடைசி வரைக்கும், தினமும் பின்னேரம் மூன்றரைக்கு, நான் கிளினிக்கில் பல்லுக்கொதிக்காரரோடு மாரடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழேயிருந்து மூன்று தட்டு வரும். அப்பா ஊன்றுகோலால் ஒரு தட்டுத் தட்டுவார். கடைசிக் கிழமை அவருக்குக் கோல் தூக்க முடியவில்லை. அம்மாதான் அவருடைய கையைச் சேர்த்துப் பிடித்துத் தட்டுவித்திருக்கிறா. மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விசயம்; இதைப் பாட்டின் கடைசிப் பத்தியாகச் சேர்க்கிறேன் என்று அடுத்த நாளே மேலே வந்து அவர்கள் இருவருக்கும் சொல்லிவிட்டானாம். அப்பா 'முழுசா' என்று ஏன் அழுத்திச் சொன்னார், 'அரைகுறையா விடப்படாது' என்று ஏன் சொன்னார் என்று எனக்கு அங்கே, அந்தப் படிக்கட்டில் இருந்துதான் விளங்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் எழும்பிப் போய்ப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தான். (சீனி அதிகம். அம்மா பழக்கிய பழக்கம்.)

பதின்மூன்று வருடம் போய்விட்டது. பெரியப்பா என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. பிறகு ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில், "உன்ர ஸ்பானிஷ் தேவாரம் எப்பிடி இருக்கிறார்" என்று கேட்டார். அவர் சிரித்ததோடு அது குடும்பத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைப் பாதியில் விட்டால் அதற்குப் பெயர் ஸ்பானிஷ் தேவாரம். அரைவாசி வெட்டிய புல், பாதி பின்னிய தலைமயிர், முடிக்காத பட்டப்படிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். நான் யாருடைய கதையையாவது குறுக்கே மறித்தால், என் மகள், தாத்தாவைக் கண்டறியாதவள், "அம்மா, கையை எடுங்கோ" என்பாள். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளங்கையில் அந்தக் கம்பி ஒருமுறை அதிரும்.

பாக்கியநாதன் இப்போது திரும்பவும் ஸ்பெயினில். கொஞ்சம் பெயர் எடுத்துவிட்டான். தாடி நரைத்து, முழங்கால் தேய்ந்து, குதியடிக்க முடியாமல் ஒரு மரப்பெட்டியைக் கையால் தட்டிப் பாடுகிறானாம். ரொறன்ரோவுக்குப் பாட வந்தால் அம்மாவிடம் வந்து சாப்பிடாமல் போக மாட்டான். கரடிப் பாட்டை மட்டும் எங்கேயும் பாடுவதில்லை. நிறுத்தின இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்கு ஒரு இடம் வேண்டும் என்கிறான்.

போன வருடம் அவன் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இப்ப பாடச் சொல்லட்டோ, அந்தக் கடைசித் துண்டை? நீங்கள் இன்னும் கேக்கேல்லைத்தானே" என்றேன்.

அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, "இப்ப வேண்டாம். மிச்சம் எனக்கு" என்றா. அவனுக்குத் தமிழில் விளங்கிய இன்னொரு வசனம் அதுதான் போல. தலையாட்டினான்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. தன் செத்த வீட்டுக்கான நிரலைத் தானே எழுதி, அலுமாரியில் கூறைச்சேலைக்குள் வைத்திருக்கிறா. விருந்தாளிகள் வந்தால் எடுத்து வாசித்தும் காட்டுவா. எந்தச் சேலை, என்ன பூ, இரங்கலுரை ஒருவருக்கும் கிடையாது, அறிவிப்பாளர் வேண்டாம். ஐந்தாவது, பாக்கியநாதனுக்கு உடனே தகவல் அனுப்பவும், மற்றப் பாதியை அவர் பாட வேண்டும், சப்பாத்தோடு. ஆறாவதை வாசிக்கும்போது மட்டும் அம்மா கண்ணாடிக்கு மேலால் என்னை ஒருமுறை பார்ப்பா. சபை அதற்குள்ளேயே சிரிக்கத் தொடங்கிவிடும்.

'6. பாடி முடியும்வரைக்கும் தர்ஷியின் கையை யாராவது பிடித்து வைத்திருக்கவும்.'